பெருவழுதிக் காசு ஒன்று வாங்கினேன்: மூலக்காசா, வார்த்தெடுத்த போலியா?

வைகைத்துறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் வசிக்கிறேன். பழங்காசு சேகரிப்பில் எனக்கு நான்கு ஆண்டு அனுபவமே உண்டு. இதுவரை இராசராசன் செப்புக்காசு, நாயக்கர் காலக் காசு, ஆற்காட்டு நவாபு காசு என்று எளிதில் கிடைப்பவற்றையே சேர்த்து வந்தேன். சென்ற மாதம் ஒரு கண்காட்சியில் சதுரமான செப்புக்காசு ஒன்றை 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முன்புறத்தில் குதிரை நிற்கிறது. அதன் மேலே தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பாண்டிய மன்னன் பெயரைப் படிக்க முடிகிறது. பின்புறத்தில் சங்ககாலப் பாண்டியருக்கே உரிய கோட்டுருவ மீன் சின்னம் உள்ளது. என் தராசில் எடை 4.10 கிராம். வைகை ஆற்று மணலில் கிடைத்தது என்று விற்றவர் சொன்னார்.

வாங்கிய மகிழ்ச்சி மூன்று நாள்தான் இருந்தது. காலை வெயிலில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, எழுத்துகளின் ஓரங்கள் தேய்ந்து மழுங்கியவைபோல் தோன்றாமல், பயன்படுத்திக் கரைந்த சோப்பின் மேலுள்ள எழுத்துபோல் தோன்றின. காசின் கீழ்வலது மூலை சற்று உடைந்திருக்கிறது, குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரு வெட்டுக்காயமும் இருக்கிறது. என் ஐயம் சரியா, எவ்வாறு உறுதி செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். படங்கள் நான்கு இணைத்துள்ளேன்.

அமராவதி மணல் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் கரூர்க்காரன். கோடையில் அமராவதியில் நீர் வற்றியதும் மணலைச் சலித்துக் காசு பொறுக்குபவர்களிடம் நேரடியாக வாங்கத் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை என்பது என் வழக்கம். ஆனால் உங்கள் ஐயத்தை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன்.

சங்ககாலச் சதுரக் காசுகளில் பெரும்பாலானவை அச்சடித்தவை. செப்புத் துண்டைப் பட்டறை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது, உலோகம் அச்சின் பள்ளத்துக்குள் அழுத்தமாகப் பாய்ந்து ஏறுகிறது; ஆகவே எவ்வளவு தேய்ந்த காசாக இருந்தாலும், தேயாத ஏதாவது ஒரு மூலையில் கோட்டின் அடிவாரம் தளத்தோடு சேருமிடம் கூர்மையாகவே இருக்கும். வார்ப்பில் அந்தக் கூர்மை வராது, ஏனெனில் உருகிய செம்பு குளிரும்போது அந்த மூலைகளிலிருந்துதான் முதலில் பின்வாங்கும். தேய்மானம் மேட்டைத் தின்னும், பள்ளத்தைத் தின்னாது. உங்கள் மூன்றாவது படத்தில் பள்ளமும் மேடும் ஒரே அளவில் மழுங்கியிருக்கின்றன. எனக்கு உறுத்துவது அதுதான்.

அடுத்தது விளிம்பு. புதிதாகச் சேர்ப்பவர்கள் முன்னும் பின்னும் படம் எடுக்கிறார்களே தவிர, பக்கவாட்டை யாரும் எடுப்பதில்லை. இரண்டு பாதி அச்சுக்கூட்டில் வார்த்த காசுக்கு நான்கு பக்கமும், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், ஒரு மெல்லிய தையல் ஓடும். போலி செய்பவன் அதை அரத்தால் ராவிவிடுவான், ராவிய தடம் விளிம்புக்கு இணையாகக் கோடு கோடாகத் தெரியும். பழைய காசில், தகட்டை உளியால் வெட்டிய தடம் மேலிருந்து கீழாக இறங்கியிருக்கும். தயவு செய்து நான்கு விளிம்பையும் படமெடுத்துப் போடுங்கள்.

உங்கள் காசில் எழுத்து இருக்கிறது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யானையும் மீனும் மட்டும் உள்ள பாண்டியர் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த காலத்திலும், பெயர் பொறித்த காசுக்குப் பல மடங்கு விலை இருந்தது. மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை, பெருவழுதி ஆகிய பெயர்கள் காசில் படிக்கப்பட்ட பிறகு, வெறும் காசில் பெயரை உண்டாக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. மூலக்காசையே எடுத்து, ஊசிமுனை உளியால் எழுத்தைச் செதுக்கிவிடுவார்கள். அங்கே உலோகமும் உண்மை, களிம்பும் உண்மை, பெயர் மட்டும் பொய். இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. அச்சில் பள்ளமாக வெட்டிய எழுத்து காசில் மேடாகத்தான் வரும். செதுக்குபவன் மேட்டை உண்டாக்க வேண்டுமானால் சுற்றியுள்ள தளத்தைக் குடைந்து தாழ்த்தியாக வேண்டும். ஆகவே எழுத்தைச் சுற்றி மட்டும் தளம் பள்ளமாக இருந்தாலும், அங்கே மட்டும் களிம்பு இல்லாமல் கீறல்கள் பளிச்சென்று தெரிந்தாலும் அந்தக் காசை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் காசில் அந்த வேலை நடந்ததாகத் தெரியவில்லை. போலி என்றால் இது முழு வார்ப்பு.

உரைகல் எழுதியது:

பெரியவர் சொன்னவற்றை மதிக்கிறேன், இருப்பினும் கண்ணால் பார்ப்பது கடைசியில் கருத்துதான், அளவு ஆகாது. நான் உலோக ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். ஒப்படர்த்தியை, அதாவது ஓர் உலோகம் அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதை, வீட்டிலேயே கணக்கிடலாம். காற்றில் எடை பாருங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தராசின்மேல் வைத்த நீர்க் குவளைக்குள், அடியையும் சுவரையும் தொடாமல் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். குவளையின் எடை எவ்வளவு கூடுகிறதோ அதுவே காசு வெளியேற்றிய நீரின் எடை. காற்றில் கண்ட எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். செம்புக்கு 8.96, வெள்ளிக்கு 10.49, பொன்னுக்கு 19.3. பித்தளை பெரும்பாலும் 8.4 முதல் 8.7 வரை நிற்கும்.

இதற்கும் மேலாக, நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்-ரே கருவி செம்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளி ஆகியவற்றின் விகிதத்தையும் காட்டும். இவ்விரண்டையும் செய்துவிட்டால் விவாதத்துக்கே இடமில்லை.

அமராவதி மணல் எழுதியது:

விவாதத்துக்கு இடம் இருக்கிறது, ஐயா. செல்லரித்து உருவம் தெரியாத பழைய செப்புக்காசுகள் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். அவற்றை உருக்கி வார்த்தால் உங்கள் கருவி என்ன சொல்லும்? பழைய செம்பு என்றுதானே சொல்லும்? மேலும் அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. ஆற்றிலும் மண்ணிலும் 2,000 ஆண்டு கிடந்த காசின் மேற்பரப்பும் உட்பகுதியும் ஒன்றாக இருப்பதில்லை.

உரைகல் எழுதியது:

மேற்பரப்புப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். கருவி ஒரு காசை உண்மையென்று மெய்ப்பிக்காது. ஆனால் சில போலிகளை ஐயமின்றிப் பிடித்துக்கொடுக்கும். வெள்ளியில் இது தெளிவாகத் தெரியும். பழங்காலத்தில் ஈயத்தோடு சேர்த்துப் புடமிட்டுப் பிரித்த வெள்ளியில் சிறிதளவு பொன்னும் ஈயமும் தங்கிவிடும், இன்றைய சுத்திகரிப்பில் அவை அநேகமாக நீங்கிவிடும். ஆகவே முத்திரைக் காசு (சின்னங்களைக் குத்திய பழைய வெள்ளிக் காசு) என்று விற்கப்படும் ஒன்றில் 99.9 விழுக்காடு வெள்ளி என்று வந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

நீர் சோதனையிலும் ஓர் எல்லை உண்டு. 4.10 கிராம் செம்பு வெளியேற்றும் நீர் 0.46 கிராம் அளவே. 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் ஒரே ஒரு புள்ளி பிசகினாலும் விடை 0.2 அளவு நகர்ந்துவிடும். மூன்று முறை செய்து ஒப்பிட வேண்டும். காசுக்குள் காற்றுக் குமிழி இருந்தாலும், அரிப்பால் துளை விழுந்திருந்தாலும் விடை குறைவாகவே வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கொற்கைத் துறைமுகம் எழுதியது:

இந்த இழையில் ஒரு துணைக்கேள்வி கேட்க அனுமதி வேண்டுகிறேன். என்னிடம் திபேரியசு பேரரசரின் ரோம வெள்ளி தெனாரியசு ஒன்று உள்ளது, எடை 3.1 கிராம். ஓரத்தில் வெள்ளி பெயர்ந்து உள்ளே செம்பு தெரிகிறது. கடைக்காரர் ஒருவர் ‘இது நேற்றுச் செய்த முலாம்’ என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். வேறொருவர் இந்தியாவில் செய்த போலி என்கிறார். எது சரி?

பொருநை வண்ணக்கன் எழுதியது:

இருவரும் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று கருதுகிறேன். செப்புக் கருவின்மேல் வெள்ளித் தகட்டைப் போர்த்தி அச்சடித்த காசுகள் ரோமர் காலத்திலேயே இருந்தன. அவை அந்தக் காலத்தின் கள்ளக்காசுகள். அவற்றில் வெள்ளி மெல்லிய தகடாக உரிந்திருக்கும், உரிந்த இடத்தில் செம்பு பச்சைக் களிம்பேறியிருக்கும். இன்றைய மின்முலாம் தகடாக உரியாது. மேடான இடங்களில் தேய்ந்து, அடியில் செம்போ பித்தளையோ பளபளவென்று தெரியும். அகஸ்டசு காலத்துத் தெனாரியசு ஏறத்தாழ 3.8 கிராம் இருந்தது, நீரோ கி.பி. 64 வாக்கில் அதைக் குறைத்தான். திபேரியசு காசு 3.1 கிராம் மட்டுமே இருப்பது உள்ளே செம்பு என்பதோடு ஒத்துப்போகிறது.

இந்தியாவில் செய்தவை என்பதும் பொருளற்ற பேச்சு இல்லை. அகஸ்டசு, திபேரியசு காசுகள் தமிழகத்தில் மிகுதியாகப் புழங்கியபோது, அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த பொன், வெள்ளிக் காசுகளும் இருந்தன. இலத்தீன் எழுத்தறியாத கைகள் செய்தவை என்பதால் அவற்றின் எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் மாறியிருக்கும். அவற்றைப் போலி என்ற குப்பையில் போடுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. அதுபோலவே, 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் மிகப்பெரும்பாலானவற்றின் முகத்தில் உளிவெட்டு விழுந்திருந்தது. அந்த வெட்டு பழங்காலத்திலேயே விழுந்தது. வெட்டு இருக்கிறது என்று ஒரு காசை ஒதுக்கவும் கூடாது. இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டே புதுப் போலியின்மேல் வெட்டுப் போடுபவர்களும் உண்டு என்பதால், வெட்டு இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. வெட்டின் உட்சுவரும் தளமும் ஒரே நிறத்தில் முதிர்ந்திருக்க வேண்டும்.

காசு நோக்கும் தொழிலுக்கு நம்மிடம் வண்ணக்கன் என்ற சொல்லே இருந்தது. சங்கப் புலவர்கள் சிலருடைய பெயரோடு அது ஒட்டியே நிற்கிறது. கள்ளக்காசு இல்லாத ஊரில் அப்படி ஒரு தொழில் தோன்றியிருக்காது.

கோயிலார் வீதி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். வார்ப்பு என்றாலே போலி என்ற எண்ணம் இந்த இழையைப் படிக்கும் புதியவர்களுக்கு வந்துவிடக் கூடாது. இலங்கையில் கிடைக்கும் இலட்சுமி உருவம் கொண்ட நீள்சதுரப் பழங்காசுத் தகடுகளில் வார்த்தவையும் உண்டு. வட இந்தியாவின் எழுத்தற்ற பழஞ்செப்புக் காசுகளில் ஒரு பெரும் வகை வார்ப்பே. தஞ்சைப் பகுதியில் கிடைக்கும் சதுரத்துளைச் சீனக்காசுகள் எல்லாமே வார்ப்பு. இவற்றில் குமிழியும் தையலும் இருப்பது இயல்பு. எங்கள் பக்கத்துச் ‘சேது’ காசு, அதாவது யாழ்ப்பாண அரசர்கள் ‘சேது’ என்று பொறித்து வெளியிட்ட காசு, அச்சில் அடித்தது. ஆகையால் சேது காசில் தையல் கண்டால் ஐயப்படலாம், சீனக்காசில் கண்டால் ஐயப்பட வேண்டியதில்லை. அந்தந்தக் காசு எவ்வாறு செய்யப்பட்டது என்பதை முதலில் படித்துவிட்டு லென்ஸைக் கையில் எடுப்பதே முறை.

புதுவரவு 27 எழுதியது:

எங்கள் தாத்தா பெட்டியில் 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி ஓரணாக் காசு இருக்கிறது, அனுமன் உருவம் உள்ளது. கோடிக்கணக்கில் போகும் என்று காணொளியில் சொல்கிறார்கள். உண்மையா?

பொருநை வண்ணக்கன் எழுதியது:

உண்மை இல்லை, அம்மா. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அனுமன், இராமர் பட்டாபிடேகம், இலட்சுமி ஆகிய உருவங்களோடு 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டுப் பிற்காலத்தில் பூசைக்காகவும் விற்பனைக்காகவும் செய்த வில்லைகள் அவை. பூசையறையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும், அரிசியை இழுக்கும் காசு என்று யார் சொன்னாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த வலையில் சேமிப்பையே இழந்த குடும்பம் ஒன்றை நான் நேரில் அறிவேன்.

உரைகல் எழுதியது:

களிம்பைப் பற்றி இன்னும் யாரும் விரிவாக எழுதவில்லை. மண்ணில் கிடந்த செம்பில் அடியில் செந்நிறப் படலமும் அதன்மேல் பச்சைப் படலமும் அடுக்கடுக்காக வளரும். போலியில் பச்சை நேரே பளபளக்கும் செம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். பருத்தித் துணியில் அசிட்டோன் தொட்டு விளிம்பில் மட்டும் மெல்லத் துடைத்தால், சாயமும் பசையும் கலந்து பூசிய களிம்பு துணியில் ஒட்டிவிடும், இயற்கைக் களிம்பு அசையாது. முதலாண்டில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மா விளக்குத் துலக்குவதைப்போல் புளியும் திருநீறும் போட்டு ஒன்பது காசுகளைத் தேய்த்துப் பளிச்சிட வைத்தேன். அவற்றின் மெய்ம்மைக்குச் சான்றாக இருந்த படலம் முழுவதும் போய்விட்டது. இன்று அவற்றை நானே யாருக்கும் உறுதி சொல்லிக் கொடுக்க முடியாது.

அமராவதி மணல் எழுதியது:

களிம்பையும் முழுதாக நம்ப முடியாது. 200 ஆண்டுக்கு முன் செருமனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்பவர் கிரேக்க, ரோமக் காசுகளுக்குத் தம் கையாலேயே அச்சு வெட்டி, பழைய வெள்ளியில் அடித்து, புதுமை மறைவதற்காக அவற்றை இரும்புத்தூளோடு ஒரு பெட்டியில் போட்டு வண்டியின் சக்கர அச்சில் கட்டி உலா சென்றார் என்பது நாணயவியலில் பெயர்பெற்ற செய்தி. அந்தக் காசுகள் பெரிய பெரிய சேகரிப்புகளுக்குள் புகுந்தன. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது அவர் வெட்டிய அச்சுகளே. ஒரே அச்சின் சாயல் திரும்பத் திரும்ப வந்ததால், ஒன்றைத் தெரிந்துகொண்டவர்களுக்கு மற்றவையும் தெரிந்துபோயின.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்திருக்கலாம். ஆனால் தகட்டின் வடிவம், உருவம் விழுந்த சாய்வு, விளிம்பின் வெடிப்பு, பின்னாளில் பட்ட காயம் ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. வார்ப்பவனோ மூலக்காசின் காயத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறான். வில் பொறித்த சேரர் காசு ஒன்றை ஓர் இடைத்தரகரிடம் வாங்கினேன். இரண்டு ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு ஒருவரிடம், அதைவிட நல்லது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தபோது, வில்லின் நாணுக்குப் பக்கத்தில் இருந்த நெல்மணி அளவு பள்ளம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. முதல் காசை லென்ஸில் எத்தனையோ முறை பார்த்து உண்மை என்று சொல்லியிருந்தேன், பிறருக்குக் காட்டியும் இருந்தேன். அன்றிலிருந்து நான் காசைப் பார்ப்பதைவிட அதன் இரட்டையைத் தேடுவதிலேயே அதிக நேரம் செலவிடுகிறேன்.

தம்பி, உங்கள் காசில் மூலை உடைந்திருக்கிறது, குதிரை வயிற்றுக்குக் கீழே வெட்டு இருக்கிறது என்றீர்கள். குறை என்று நினைக்காதீர்கள், தேடுவதற்கு அவையே அடையாளம். ஏலப் பட்டியல்கள், விற்பனையாளர்கள் வெளியிட்ட பழைய படங்கள் அனைத்தையும் அந்த இரண்டு அடையாளத்தை வைத்துப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காசுக்கூடத்துக்கும் ஒருமுறை சென்று, மூலக்காசு கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நின்று பாருங்கள்.

கொற்கைத் துறைமுகம் எழுதியது:

என் காசைப் பற்றிய விளக்கத்துக்கு மிக்க நன்றி. உரிந்த இடத்தில் களிம்பு இருக்கிறது, தகடாகவே உரிந்திருக்கிறது.

‘ஆற்றில் கிடைத்தது’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்படும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொல்பொருள் வணிகத்துக்கு உரிமமும் தேவை. உரிமம் பெற்றவரிடம் பில்லோடு வாங்கினால், போலி என்று தெரிந்தபின் திரும்பக் கொடுக்க ஓர் ஆதாரமாவது கையில் இருக்கும். புதையல் கதை சொல்லி விற்பவர் பில் தரமாட்டார். ‘வெளியே சொல்லாதீர்கள்’ என்றும் கேட்டுக்கொள்வார். போலி விற்பவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

வைகைத்துறை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீர் சோதனையை மூன்று முறை செய்தேன். வெளியேறிய நீர் 0.48, 0.48, 0.49 கிராம். ஒப்படர்த்தி 8.4க்கும் 8.5க்கும் இடையே வருகிறது. தெரிந்த நகைக்கடையில் கருவியில் வைத்துக் காட்டினார்கள். துத்தநாகம் கணிசமாக இருக்கிறது, அதாவது இது செம்பு இல்லை, பித்தளை. விளிம்புப் படங்கள் இப்போது இணைத்துள்ளேன், இரண்டு பக்கம் அரத்தின் தடம் இணைகோடுகளாகத் தெரிகிறது.

இவற்றைவிட, பெரியவர் சொன்னபடி தேடியதில் விற்பனைப் படம் ஒன்று கிடைத்தது. மூன்று ஆண்டுக்கு முந்தையது. கீழ்வலது மூலையில் அதே உடைவு, குதிரை வயிற்றுக்குக் கீழே அதே வெட்டு. களிம்பின் நிறம் மட்டும் வேறு: அதில் கரும்பழுப்பு, என்னுடையதில் பச்சை. விற்றவரிடம் பில் கேட்காமல் வாங்கினேன், வைகையில் கிடைத்தது என்ற சொல்லைக் கேட்டு மயங்கினேன். அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

அமராவதி மணல் எழுதியது:

மனம் தளர வேண்டாம். அந்தக் காசை உருக்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ‘போலி’ என்று உறையின்மேல் எழுதித் தனியே வையுங்கள். உங்கள் படங்கள் இங்கேயே இருக்கட்டும்.

செப்பேடு எழுதியது:

ஓராண்டாக இந்த மன்றத்தைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். வைகைத்துறை அவர்கள் இணைத்த முதல் படத்தைப் பார்த்ததும் என் பெட்டியைத் திறந்தேன். சேலத்தில் வாங்கியது. எடை 3.86 கிராம். மூலை உடைவும் வயிற்றுக்குக் கீழே வெட்டும் அப்படியே இருக்கின்றன. எனக்கு இதை அமராவதியில் கிடைத்தது என்று சொல்லி விற்றார்கள். நான்கு விளிம்பையும் சேர்த்து ஆறு படங்கள் கீழே கொடுத்துள்ளேன்.